உங்களுக்குத் தெரியுமா? எடைக்குப் போகும் விமானங்கள்

பழைய கப்பலை உடைக்க குஜராத்தில் அலங் கடற்கரை இருக்கிறது. ஓடித் தேய்ந்த அரசு பஸ்ஸை ஏலம் விட டெப்போ இருக்கிறது. இருபது, இருபத்தைந்து வருடம் பறந்து முடித்த பயணிகள் விமானம் எங்கே போகிறது? யார் உடைக்கிறார்கள்? எந்தத் துண்டு யார் கையில் மிஞ்சுகிறது? இந்த வாரத் துணுக்குகள் முழுக்க அந்தக் கதைதான். சில துணுக்கு ரெண்டு வரி, சிலது கொஞ்சம் நீளும்.

● விமானத்தை உடைத்தால் வரும் பணத்தில் பெரும்பங்கு இன்ஜினிலிருந்து வருகிறது. அடுத்தது லேண்டிங் கியர். பிறகு வாலுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி இன்ஜின். விமானம் தரையில் நிற்கும்போது விளக்குக்கும் ஏ.சி.க்கும் உயிர் கொடுப்பது அதுதான். பிறகு காக்பிட்டுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கும் மின்னணுப் பெட்டிகள். இவை எல்லாவற்றையும் கழற்றிய பிறகு நிற்கிற அலுமினியக் கூடுதான் எடைக்குப் போகிறது. பார்க்க அதுதான் விமானம், விலையில் அது கடைசி. சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய காரைப் பிரித்து விற்பதற்கும் இதற்கும் தொழில் முறையில் பெரிய வித்தியாசம் இல்லை, காகிதம் ஒன்றைத் தவிர.

● அந்தக் காகிதம் சாதாரணக் காகிதமில்லை. ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் பிறந்த நாளிலிருந்து ஜாதகம் வேண்டும். எந்தத் தொழிற்சாலையில் செய்தது, எந்தெந்த விமானத்தில் இருந்தது, யார் பழுது பார்த்தார்கள், எல்லாம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இன்ஜினுக்குள் சுழலும் டிஸ்க்குகளுக்கு ஆயுளை எத்தனை முறை ஏறி இறங்கியது என்று எண்ணித்தான் கணக்கிடுகிறார்கள். எண்ணிக்கை முடிந்துவிட்டால், பளபளவென்று இருந்தாலும் அது இரும்புக் கடைச் சரக்கு. நடுவில் ஒரு வருடக் கணக்கு காணவில்லை என்றாலும் அதே கதிதான்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு விபத்தைச் சொல்லலாம். 1989 செப்டம்பர் 8 அன்று ஆஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் கிளம்பிய பார்ட்நேர் நிறுவனத்தின் கான்வேர் 580 விமானம் டென்மார்க் அருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். வாலைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் போலிகள் இருந்தது விசாரணையில் தெரிந்தது. காலம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2023இல் ஏ.ஓ.ஜி. டெக்னிக்ஸ் என்ற லண்டன் நிறுவனம் போலிச் சான்றிதழோடு இன்ஜின் பாகங்களை விற்றது அம்பலமானது. உலகம் முழுக்கப் பல விமான நிறுவனங்கள் இன்ஜின்களைத் திறந்து பார்க்க ஓடின.

அதனால்தான், ஒழுங்காக நடக்கும் உடைப்புத் தளத்தில் விற்க முடியாத பாகத்தை அப்படியே குப்பையில் வீச மாட்டார்கள். துளை போட்டு, வெட்டி, இனி யாரும் எடுத்துப் போய் மாட்ட முடியாதபடி சிதைத்த பிறகே வீசுவார்கள்.

● உடைப்பு எப்படி நடக்கிறது? முதலில் டாங்கியில் மிச்சமிருக்கும் எரிபொருளை வடிக்கிறார்கள். அடுத்தது ஹைட்ராலிக் திரவம். பல ஜெட் விமானங்களில் இது ஊதா நிறத்தில் இருக்கும். தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் வலியில் உயிர் போகும். குழாய்க்குக் கீழே தட்டு வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு சொட்டு சொட்டாக இறக்க வேண்டிய வேலை. பிறகு இன்ஜின்கள். இறக்கைக்கு முன்னால் தொங்கும் இன்ஜின்களைக் கழற்றியதும் எடை முழுக்கப் பின்னால் போய், விமானம் வால் குத்தி உட்கார்ந்துவிடும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க இன்ஜின் இருந்த இடத்தில் கான்கிரீட் கட்டையைத் தொங்கவிடுவது வழக்கம். இன்ஜினுக்குப் பதில் கான்கிரீட் மாட்டிக்கொண்டு பாலைவனத்தில் நிற்கும் ஜம்போவின் படத்தைப் பார்த்திருந்தால், காரணம் இதுதான்.

இந்தப் பக்கம் மெக்கானிக்குகள் ஸ்பேனரோடு பூப்போலக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். கழற்றிய ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டு தொங்கும். வாரக்கணக்கில் நடக்கும் இந்த வேலை முடிந்ததும் பொக்லைன் வரும். அதன் கையில் வாளிக்குப் பதில் இரும்புத் தாடை. அது கடிக்கத் தொடங்கினால், ஒரு நடுத்தர விமானத்தின் கூடு சில நாளில் குவியலாகிவிடும்.

● உடைக்க அனுப்பும் முன் விமான நிறுவனங்கள் முதலில் செய்யும் காரியம், வாலிலும் உடம்பிலும் இருக்கும் தங்கள் பெயரையும் சின்னத்தையும் வெள்ளை பெயின்ட் அடித்து மறைப்பது. பாதி கடிபட்ட விமானத்தின் படத்தில் தங்கள் சின்னம் தெரிவதை எந்த நிறுவனமும் விரும்புவதில்லை.

● அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா பாலைவனங்களில் பழைய விமானங்கள் வரிசை வரிசையாக நிற்பதற்கு இரண்டு காரணம். காற்றில் ஈரம் குறைவு, துரு மெதுவாகத்தான் பிடிக்கும். மண் கெட்டி, பல இடங்களில் தளம் போடாமலே கனமான விமானத்தை நிறுத்தலாம். ஐரோப்பாவுக்கு ஸ்பெயினின் தெருவெல், ஆஸ்திரேலியாவுக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். கொரோனா காலத்தில் இந்த இடங்களில் எல்லாம் நிறுத்த இடம் தேடி அலைந்தார்கள்.

● வயதானால்தான் உடைப்பார்கள் என்று நினைத்தால் தவறு. உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ380, முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது 2007 அக்டோபர் 25 அன்று, சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு. சரித்திரத்தில் இடம் பிடித்த அந்த விமானம், பத்து வருடக் குத்தகை முடிந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் திருப்பிக் கொடுத்ததும், எடுக்க ஆளில்லாமல் நின்றது. அதன் ஜெர்மன் உரிமையாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். முழு விமானமாக வாங்க ஒருவரும் இல்லை. பாகமாக விற்றால் காசு. தெற்கு பிரான்ஸின் தார்ப் நகருக்கு அருகே அதையும் அதன் தம்பி ஒன்றையும் பிரித்துவிட்டார்கள். அப்போது ஏர்பஸ் புதிய ஏ380களைத் தயாரித்துக்கொண்டுதான் இருந்தது! முதல் விமானம் என்ற பெருமைக்குச் சந்தையில் விலை இல்லை.

● இதைவிட விசித்திரம் இப்போது நடக்கிறது. ஏ320 நியோ வகை விமானங்களின் ஒரு ரக இன்ஜினில் உலோகத் தூள் கலப்படக் கோளாறு 2023இல் வெளியானதிலிருந்து மாற்று இன்ஜினுக்கு ஏகக் கிராக்கி. விளைவு, பத்து வயதுகூட ஆகாத விமானங்களை இன்ஜினுக்காகவே பிரிக்கிறார்கள். இளநீருக்காகத் தென்னையை வெட்டுவது போலத்தான்.

● ஒரு போயிங் 747இல் சுமார் 60 லட்சம் பாகங்கள். அதில் பாதி, இணைக்கும் ஆணியும் திருகும்.

● ஏர்பஸ் நிறுவனம் 2005 முதல் 2007 வரை தார்பில் ஒரு சோதனை நடத்தியது. பழைய ஏ300 ஒன்றைப் பொறுமையாகப் பிரித்து, எதையெல்லாம் மீட்கலாம் என்று பார்த்தார்கள். எடையில் 85 சதவீதம் வரை மறுபடி பயன்படுத்தலாம், உருக்கலாம் என்று தெரிந்தது. உருக்குவதில் ஒரு வில்லங்கம் உண்டு. விமான அலுமினியம் சுத்த அலுமினியம் இல்லை. இறக்கையின் ஒரு பகுதியில் துத்தநாகம் கலந்த கலவை, உடம்புத் தகட்டில் செம்பு கலந்த கலவை. எல்லாம் ஒன்றாக உருகிவிட்டால் திரும்ப விமானத்துக்கு ஆகாது. அதனால் பெரும்பாலும் வார்ப்புக்குப் போகிறது. நீங்கள் ஓட்டும் வண்டியின் இன்ஜின் உறையில் பழைய ஜெட் விமானம் ஒன்று கொஞ்சம் கலந்திருக்கலாம்.

● அலுமினியமாவது உருகும். எடையில் பாதி கார்பன் இழைக் கலவையால் ஆன போயிங் 787ஐ என்ன செய்வது? 2023இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில், பத்து வயதான இரண்டு 787களைப் பிரித்தார்கள். அந்த ரகத்தில் உடைபட்ட முதல் விமானங்கள் அவை. கார்பன் இழையை மீட்க, பிசினைச் சூட்டில் கருக்கி எடுக்க வேண்டும். மிஞ்சும் இழை குட்டையாகிவிடும், பலமும் குறையும். ஆயிரக்கணக்கான 787களும் ஏ350களும் ஓய்வு பெறும் காலம் வரும்போது இது பெரிய தலைவலியாகும் என்பது என் கணிப்பு.

● ஆரம்பகால 747களின் வாலில் யுரேனியம் இருந்தது தெரியுமா? அணுகுண்டுக்கு ஆகாத, கழிவான யுரேனியம்தான். ஈயத்தைவிட அடர்த்தி அதிகம், சின்ன இடத்தில் நிறைய எடை. சமநிலைக் கட்டையாக வைத்தார்கள். 1992இல் ஆம்ஸ்டர்டாமில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் விழுந்த எல் அல் சரக்கு விமானத்தில் 282 கிலோ இருந்தது. பாதிக்கும் மேல் கிடைக்கவே இல்லை. பின்னாளில் டங்ஸ்டனுக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் பழைய ஜம்போவை உடைப்பவர்கள் வாலைத் தொடும் முன் இதைச் சரிபார்த்தாக வேண்டும்.

● தீயணைப்பு உருளைகளில் இருக்கும் ஹாலான் வாயு இன்னொரு சங்கதி. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்று வளர்ந்த நாடுகளில் 1994 முதல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் பறக்கும் விமானங்களுக்கு இன்னமும் தேவைப்படுகிறது. வழி? உடைக்கும் விமானத்திலிருந்து பத்திரமாக இறக்கி, சுத்தம் செய்து, பறக்கும் விமானத்தில் ஏற்றுவது. செத்த விமானத்தின் மூச்சில் உயிருள்ளவை ஓடுகின்றன.

● இனி, மிஞ்சியவை, மிஞ்சாதவை.

இரண்டாம் உலகப் போரின்போதே கனவு கண்டு, போர் முடிந்ததும் பிரிட்டன் கட்டிய விமானம் பிரிஸ்டல் பிரபசோன். இறக்கை அகலம் 70 மீட்டர், எட்டு இன்ஜின்கள், பயணிகள் நூறு பேர் மட்டும். இதற்கு ஓடுபாதை நீட்டுவதற்காக சார்ல்டன் என்ற கிராமத்தையே காலி செய்தார்கள். 1949 செப்டம்பர் 4 அன்று பறந்தது. வாங்க ஒரு நிறுவனமும் வரவில்லை. 1953இல், பாதி கட்டிய இரண்டாவது விமானத்தையும் சேர்த்து, 10,000 பவுண்டுக்குக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருப்பவை சில சக்கரங்களும் சில்லறைப் பாகங்களும். ஒரு கிராமத்தின் விலை!

● பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் தாண்ட பான் அமெரிக்கன் நிறுவனத்துக்காகக் கட்டிய போயிங் 314 கடல் விமானங்கள் மொத்தம் 12. இன்று ஒன்றுகூட இல்லை. பார்க்க ஆசைப்பட்டால் அயர்லாந்தின் ஃபாய்ன்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அங்கே இருப்பதும் மாதிரிதான்.

● லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு தகரத் துண்டு இருக்கிறது. கிழிந்த விளிம்பு, இரண்டு சதுரத் திறப்புகள். சுற்றுலாப் பயணிகள் பலர் நின்று பார்க்காமலே தாண்டிப் போய்விடுவார்கள். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டின் கூரை அது. 1954 ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து கிளம்பிய அந்த விமானம் எல்பா தீவு அருகே நடுவானில் வெடித்துச் சிதறியது. 35 பேர் இறந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை கடலடியிலிருந்து துண்டு துண்டாக மீட்டு, ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் விமானம் போலவே அடுக்கி வைத்தது. இன்னொரு முழு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். உலோகம் களைத்து விரிசல் விடுவதை அங்கேதான் கண்ணால் பார்த்தார்கள். கடலிலிருந்து வந்த கூரைத் துண்டிலும் விரிசல் அந்தத் திறப்புகளின் பக்கத்திலிருந்தே ஓடியிருந்தது.

ஒரு முழு விமானத்தைவிட ஒரு துண்டு அதிகம் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. முழுசாகக் காப்பாற்ற முடியாவிட்டால் எதற்கு என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் இதன் முன் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

● ஏர்பஸ் நிறுவனத்தின் முதல் விமானமே உடைபட்டுவிட்டது! முதல் ஏ300 சோதனை விமானத்தைச் சோதனைகள் முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். உடம்பில் ஒரு துண்டும் ஒரு இறக்கையும் மியூனிக்கின் ஜெர்மன் அருங்காட்சியகத்துக்குப் போயின. மாறாக போயிங் கெட்டி: முதல் 737ம் முதல் 747ம் சியாட்டிலில், முதல் 777 அரிசோனாவின் பிமா அருங்காட்சியகத்தில்.

● கான்கார்டு மொத்தம் 20 செய்தார்கள். இன்று 18 இருக்கின்றன. ஒன்று 2000இல் பாரிஸ் அருகே எரிந்து விழுந்தது, எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று? 1977இல் டாகரில் முரட்டுத்தனமாகத் தரையிறங்கி அடி வாங்கிய ஏர் பிரான்ஸ் விமானம். 1982இல் ஓய்வு. மற்ற கான்கார்டுகளுக்கு உதிரி பாகக் கிடங்காக வெளியில் நின்றே துருப்பிடித்து, 1994இல் உடைபட்டது. பாவம், இன்னும் ஒன்பது வருடம் நின்றிருந்தால் அதன் விலை தெரிந்திருக்கும்: 2003 டிசம்பரில் லண்டனில் பான்ஹாம்ஸ் நடத்திய ஏலத்தில் கான்கார்டின் மூக்கு ஒன்று மட்டும் 3,20,000 பவுண்டுக்குப் போனது.

● பெர்லினின் டேகல் விமான நிலையத்தில் பல வருடம் ஒரு போயிங் 707 நின்றது. லுஃப்தான்ஸா நிறம், லுஃப்தான்ஸா பெயர். ஆனால் அது ஒருநாளும் லுஃப்தான்ஸாவுக்காகப் பயணிகளை ஏற்றியதில்லை. போயிங் 1986இல் பரிசாகக் கொடுத்த பழைய இஸ்ரேலிய விமானம், மேலே புது பெயின்ட். அதற்குள் இருந்த நிஜச் சரித்திரம் வேறு. 1970 செப்டம்பர் 6 அன்று பாலஸ்தீனப் போராளி லைலா காலிதும் கூட்டாளியும் கடத்த முயன்று தோற்றது இதே விமானத்தைத்தான். மழையிலும் பனியிலும் நின்று நின்று இற்றுப்போனது. 2020 நவம்பரில் விமான நிலையம் மூடியதும், அடுத்த வருடமே உடைத்துவிட்டார்கள்.

வெளியில் நிறுத்திக் காப்பாற்றிய விமானம் பாதி காப்பாற்றியதுதான். இறக்கைக்குள் தண்ணீர் தேங்கும், குருவி கூடு கட்டும், ரப்பர் வெடிக்கும். கூரைக்குக் கீழே ஒரு காக்பிட் இருந்தால் போதும், வெட்டவெளியில் முழு ஜம்போ வேண்டாம் என்பேன். ஆர்வலர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

● அதே ஜெர்மனி இன்னொரு கடத்தல் விமானத்துக்கு நேர்மாறாகச் செலவழித்தது. 1977 அக்டோபரில் மயோர்காவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வர வேண்டிய ‘லாண்ட்ஷூட்’ என்ற போயிங் 737 கடத்தப்பட்டு, ஊர் ஊராகப் பறந்து மொகதிஷுவில் நின்றது. வழியில் ஏடனில் கேப்டன் யூர்கன் ஷூமான் கொல்லப்பட்டார். ஜெர்மன் அதிரடிப் படை பயணிகளை மீட்டது. விமானம்? கழுவித் துடைத்து மறுபடி பயணிகளை ஏற்றினார்கள். எட்டு வருடம் கழித்து விற்றார்கள். கை மாறிக் கை மாறி, கடைசியில் பிரேசிலின் ஃபோர்ட்டலேசா விமான நிலைய ஓரத்தில் ஓட்டையாகக் கிடந்தது. எடைக்குப் போக இருந்த நேரத்தில் ஜெர்மன் வெளியுறவுத் துறை வாங்கியது. 2017 செப்டம்பரில் உடம்பை ஒரு அன்டோனோவ் 124இலும் மற்ற பாகங்களை ஒரு இல்யூஷின் 76இலும் ஏற்றி ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்குக் கொண்டுவந்தார்கள். விமானத்தை விமானத்தில் ஏற்றி வந்து இறக்கிய பிறகு, எங்கே வைப்பது, யார் செலவு என்று வருடக்கணக்கில் இழுபறி.

● அருங்காட்சியகத்துக்கு விமானத்தை லாரியில் கொண்டுபோவது ஒரு வழி. பறந்தே போய் இறங்குவது இன்னொன்று. கிளைடர் விமானத்தின் தந்தை ஓட்டோ லிலியென்தால் கடைசியாகப் பறந்து விழுந்த ஊர், கிழக்கு ஜெர்மனியின் ஷ்டொல்ன். அங்கே நினைவுச் சின்னமாக ஒரு ஜெட் விமானம் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். 1989 அக்டோபர் 23 அன்று இன்டர்ஃப்ளுக் நிறுவனத்தின் இல்யூஷின் 62 விமானத்தை, 53 மீட்டர் நீளமுள்ள நாலு இன்ஜின் ராட்சசனை, ஹைன்ஸ்-டீட்டர் கால்பாக் என்ற பைலட் சுமார் 900 மீட்டர் புல்வெளியில் இறக்கினார். புழுதி பறந்தது, விமானத்துக்கு ஒரு கீறல் இல்லை. லிலியென்தாலின் மனைவி பெயரைச் சூட்டி ‘லேடி ஆக்னஸ்’ என்றார்கள். இரண்டரை வாரத்தில் பெர்லின் சுவர் விழுந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் இதற்கு யார் அனுமதி கொடுத்திருப்பார்கள்? விமானத்துக்குள் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. கல்யாணமும் பதிவு செய்துகொள்ளலாம்.

● முதல் போயிங் 727ஐ யுனைடெட் நிறுவனம் 1991இல் சியாட்டில் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது, உபயோகமான பாகங்களைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தது. அதைப் பறக்கத் தயார் செய்ய தன்னார்வலர்களுக்கு இருபத்தைந்து வருடம் பிடித்தது. பாகத்துக்கு ஃபெடெக்ஸ் நிறுவனம் இன்னொரு பழைய 727ஐயே கொடுத்தது. 2016 மார்ச் 2 அன்று எவரெட்டிலிருந்து சியாட்டிலின் போயிங் ஃபீல்டுக்குக் கடைசிப் பயணம். நேரம், கால் மணி.

● போயிங் 307 ஸ்ட்ரேட்டோலைனர் வகையில் உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே விமானத்தை ஆறு வருடம் பாடுபட்டுப் புதுப்பித்தார்கள். 2002 மார்ச் 28 அன்று சோதனையாகப் பறந்தபோது எரிபொருள் தீர்ந்து சியாட்டில் கரையோரம் கடலில் இறங்கியது! யாருக்கும் பெரிய காயமில்லை. உப்புத் தண்ணீரிலிருந்து தூக்கி, முதலிலிருந்து மறுபடி புதுப்பித்து, வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் சேர்த்தார்கள். ஆறு வருட வேலை தண்ணீரில் மிதப்பதைப் பார்த்தும் கிளம்பிப் போகாத அந்த மெக்கானிக்குகளுக்குச் சிலை வைக்கலாம்.

● 1989இல் லண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடம் நிற்காமல் பறந்த குவான்டாஸ் 747, 2015 மார்ச்சில் சிட்னிக்குத் தெற்கே ஒரு சின்ன விமான நிலையத்தில் ஆர்வலர் சங்கத்தின் கையில் போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2020இல் ஓய்வு கொடுத்த 747களில் ஒன்றை காட்ஸ்வோல்ட் விமான நிலையத் தலைவர் சுசானா ஹார்வி வாங்கியது ஒரு பவுண்டுக்கு. விலை ஒரு பவுண்டு; பராமரிப்புச் செலவைக் கேட்காதீர்கள்.

● துண்டு விற்பனை இப்போது தனித் தொழில். அமெரிக்காவில் மோட்டோஆர்ட், ஜெர்மனியில் ஏவியேஷன்டேக் போன்ற நிறுவனங்கள் விமானத் தோலை வெட்டி, எந்த விமானம் என்று எழுத்துப் பொறித்துச் சாவிக்கொத்தாக விற்கின்றன. பெயின்ட் நிறத்துக்கு ஏற்பக் கிராக்கி. இது சரித்திரத்தைக் கூறு போடுவது என்று சிலர் குறைபடுவது உண்டு. பொக்லைன் வாயில் போக இருந்ததை ஆயிரம் பேர் பையில் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிட்டது? 2022 அக்டோபரில் ஏர்பஸ் நிறுவனமே துலூஸ் நகரில் ஒரு ஏ380இன் சுமார் 500 பாகங்களை ஏலம் விட்டது. குவான்டாஸ் 2020இல் 747களிலிருந்த ஆயிரம் பார் டிராலிகளை, மது பாட்டில்களோடு சேர்த்து விற்பனைக்கு வைத்தது. இரண்டு மணி நேரத்தில் காலி.

● கலிபோர்னியாவின் மலிபு மலையில் டேவிட் ஹெர்ட்ஸ் என்ற கட்டடக் கலைஞர், ஒரு 747இன் இறக்கைகளைக் கூரையாக்கி வீடு கட்டினார். பாகங்களை ஹெலிகாப்டரில் தூக்கிப் போனார்கள். கூரையை அமெரிக்க விமானத் துறையிடம் பதிவு செய்ய வேண்டி வந்தது. மேலே பறப்பவர்கள் பார்த்து, விமானம் விழுந்து கிடக்கிறது என்று தகவல் கொடுத்துவிடக் கூடாதே!

● ‘டெனெட்’ படத்தில் கட்டடத்தில் மோதும் 747 கிராஃபிக்ஸ் இல்லை. விக்டர்வில்லில் ஓய்வு பெற்று நின்றதை வாங்கி நிஜமாகவே மோதவிட்டார் கிறிஸ்டோபர் நோலன். பொம்மை விமானம் செய்வதைவிட அது மலிவாக முடிந்ததாம்.

● நம் பக்கம் வருவோம். ஏர் இந்தியாவின் ‘ராணி ஆஃப் எல்லோரா’, 1950களின் சூப்பர் கான்ஸ்டலேஷன், பின்னாளில் விமானப் படைக்கும் கடற்படைக்கும் உழைத்து, இன்று கோவா கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கடல் காற்றில், திறந்த வெளியில்தான். (மேலே சொன்ன புலம்பலை இங்கேயும் ஒருமுறை சேர்த்துக்கொள்ளவும்.)

● 2024 ஏப்ரல் 22 அன்று ஏர் இந்தியாவின் ஜம்போ ஒன்று மும்பையிலிருந்து கடைசியாகக் கிளம்பி, இறக்கையை இரு பக்கமும் ஆட்டி விடைபெற்றுப் போனது. போன இடம் அமெரிக்காவின் பிளெய்ன்ஃபீல்டு, போன காரியம் உதிரி பாகமாவது.

● சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிக்கச் சேர்ந்த ஒரு ராமேஸ்வரம் மாணவரை, அங்கே காட்சிக்கு வைத்திருந்த இரண்டு ஓய்வு பெற்ற விமானங்கள் கட்டிப்போட்டன. அவற்றைப் பார்த்துப் பார்த்தே விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்ததாக அப்துல் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கல்லூரி மைதானத்துக்குப் பழைய விமானம் எதற்கு என்று கேட்கும் தணிக்கை அதிகாரிகள் கவனிக்க.

● இந்தியாவில் பழைய விமானத்துக்கு முதல் எதிரி பாலம்! 2019 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் துர்காபூரில், லாரியில் போன பழைய தபால் விமானம் பாலத்துக்கு அடியில் சிக்கியது. 2022 நவம்பரில் கொச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு ஹோட்டலாகப் போன ஏர்பஸ், ஆந்திராவில் மேதரமெட்லா சுரங்கப் பாதையில் மாட்டியது. 2023 டிசம்பரில் பீகாரின் மோதிஹாரியில் மூன்றாவது. மோதிஹாரியில் லாரி டயர்களில் காற்றைப் பிடுங்கி, உயரத்தைக் குறைத்து வெளியே இழுத்தார்கள். பறந்த காலத்தில் பார்க்காத கூட்டத்தை மூன்றும் அன்றைக்குப் பார்த்தன. செல்ஃபி எடுக்காதவர் பாவம் செய்தவர்.

● எடைக்குப் போட மறந்துபோன விமானமும் உண்டு. 1982இல் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்த ஒரு போயிங் 737, கடைசிக் காலத்தில் தபால் சுமந்துவிட்டு, 2012 முதல் கொல்கத்தா விமான நிலையத்தின் ஒரு மூலையில் நின்றது. நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்து, அரசிடமிருந்து தனியாருக்குக் கை மாறி, கணக்குப் புத்தகத்திலிருந்தே அது நழுவிவிட்டது. 13 வருடம் கழித்து விமான நிலைய அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போகச் சொன்ன பிறகுதான் இது நம்முடையதா என்று ஏர் இந்தியா தேடிப் பார்த்தது. கூடவே நிறுத்துமிடக் கட்டணம், கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய். 2025 நவம்பரில் விமானம் லாரியேறி, பராமரிப்புப் பொறியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க பெங்களூருக்குப் போனது. வழியில் பாலம் எதிலும் மாட்டியதாகச் செய்தி இல்லை.